சோளன் நனைந்த வருசம்

லண்டன் பிளேஸ்டோவில் குலசேகரத்தாருடைய வீட்டுக்குள் முப்பத்தைந்து வருசத்துக்கு மேலாகச் சோளன் வந்ததில்லை. அவித்த பொத்தி வந்ததில்லை, ரின்னில் அடைத்தது வந்ததில்லை, படம் பார்க்கும்போது கொறிக்கிற பொரிகூட ஒரு தரத்துக்கு மேல் வந்ததில்லை. அப்படி யாரும் வாயால் சட்டம் போட்டதும் இல்லை. மேனுஷா பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள் ஒரு பொரிப் பைக்கற்றைக் கொண்டுவந்து முன்னறையில் பிரித்தாள். குலசேகரத்தார் பேப்பரை மடித்து வைத்தார். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியே போனார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பி வந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அதற்குப் பிறகு பிள்ளை கொண்டுவரவில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒக்டோபர் மாதத்தில் ஒரு மழைநாள் கனகாம்பிகை வெள்ளைச் சோளன் மா வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் அவள் வழக்கமாகப் போகிற கடைதான். காசு வாங்குகிற இடத்தில் நின்ற ரதீசன் மாப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அன்ரி, இது ஆபிரிக்காக்காரர் வாங்கிற மா. மாறி எடுத்திட்டியள் போலை. அரிசி மா அங்காலைத் தட்டிலை கிடக்கு."

"தெரிஞ்சுதான் எடுத்தனான்."

"என்ன செய்யப்போறியள் உதை வைச்சு?"

"பிட்டு அவிக்கப்போறன்."

"சோளன் மாவிலை பிட்டோ? அவியுமே அது?"

"நீர் பிறக்க முன்னம் நான் நாலைஞ்சு வருசம் அதுதான் அவிச்சனான். கெதியாய்ப் போடும் தம்பி, பஸ் வரப்போகுது."

அவள் பையைக் கையில் எடுத்தாள். கள்ளச் சாமான் வாங்கினவள் மாதிரி அதைக் கீரைக்கட்டுக்குக் கீழே வைத்தாள்.

விசயம் தொடங்கியது போன ஞாயிற்றுக்கிழமை. மகள் மேனுஷா தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறாள். ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற பகுதியில் வேலை. ஞாயிறுகளில் தாய் தகப்பனைப் பார்க்க வருவாள். அன்றைக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"அம்மா, முத்திந்தா எண்டு ஆரையும் உங்களுக்குத் தெரியுமா?"

கனகாம்பிகையின் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

"ஆர் சொன்னது உமக்கு அந்தப் பேரை?"

"எங்கடை ஆஸ்பத்திரியிலை லவ்னெஸ் எண்டு ஒரு நேர்ஸ். அவாவுக்கு பேபி கிடைச்சிருக்கு. அதுக்கு முன்னம் ஒருநாள் கன்டீனிலை கதைக்கேக்கை, நான் சாம்பியாவிலை பிறந்தனான் எண்டு சொன்னன். எங்கை எண்டு கேட்டா. சோமா ஆஸ்பத்திரி, சிமுண்டாவிலை இருந்தனாங்கள் எண்டன். தன்ரை அம்மா முத்திந்தாவுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறா, டிப்போ மனேஜராய் இருந்த ஒரு ஆளைத் தெரியுமோ எண்டு. அவா என்ரை பேரைச் சொன்னவாவாம் அம்மா! டிப்போக்காரற்றை மகள் மேனுஷா எண்டு."

"இப்ப அவா எங்கை?"

"இஞ்சைதான். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து நிக்கிறா. உங்களைப் பார்க்க வேணுமாம்."

கனகாம்பிகைக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்னறையிலிருந்து குலசேகரத்தாரின் குரல் வந்தது.

"வேண்டாம்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுபத்தாறு வயதிலும் நிமிர்ந்து இருக்கிற மனுசர். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவா ஜஸ்ற் ஒரு ஹலோ சொல்லத்தான்—"

"வேண்டாம் எண்டு சொன்னால் வேண்டாம், பிள்ளை. வேறை கதை இருந்தால் கதையும்."

மேனுஷா தாயைப் பார்த்தாள். தாய் அடுப்பைப் பார்த்தாள். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. குலசேகரத்தார் எழும்பி யன்னலைச் சாத்தினார். மழை என்றால் அவருக்குப் பிடிக்காது. இந்த வீட்டை வாங்கியபோது பின்குசினிக்குப் பிளாஸ்ரிக் தகடுதான் கூரை. மழை விழுந்தால் சடசடவென்று கேட்கும். வந்த முதல் வருசமே, தளபாடம் வாங்க முன்பே, அதைக் கழற்றி ஓடு போடுவித்தார். ஏன் என்று கனகாம்பிகை கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

சிமுண்டா என்றால் கனகாம்பிகைக்கு முதலில் ஞாபகம் வருவது மண். கோப்பாயில் பிறந்து செம்பாட்டு மண்ணில் வளர்ந்தவள் அவள். கலியாணம் முடித்து, விமானம் ஏறி, ரயில் ஏறி, லொறியும் ஏறி அந்தச் சின்ன ஊரில் போய் இறங்கியபோது வெள்ளைச் சேலைக் கரையில் ஒட்டியது அதே சிவப்புப் புழுதி. அதைத் தட்டாமல் நின்று பார்த்தாள். குலசேகரத்தார் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவர். ஒப்பந்தத்தில் சாம்பியாவுக்குப் போய், சங்கம் ஒன்றின் சோளன் டிப்போவுக்கு மனேஜராக இருந்தார். டிப்போ என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. சுற்றிவரக் கம்பிவேலி, ஒரு இரும்புக் கேற், ஒரு தராசு, கணக்கெழுத ஒரு கந்தோர் அறை, மிச்சமெல்லாம் வெட்டவெளிச் சீமெந்துத் தரை. அந்தத் தரையில் மரப்பலகை அடுக்கி அதற்கு மேல் மூட்டைகளை ஏற்றுவார்கள். லொறி வந்து பட்டணத்து ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போகும்.

வேலியோடு ஒட்டின மாதிரி அவர்களுக்கு ஒரு வீடு. முற்றத்தில் இரண்டு மாமரம். பின்னால் ஒரு கொய்யா. காலைக் குளிரில் கதவைத் திறந்தால் உலக்கைச் சத்தம் கேட்கும். பெண்கள் சோளன் இடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் தேத்தண்ணி வைப்பாள். சோளன் முறிக்கிற காலத்தில் ஊரே பொத்தியை உரித்துப்போட்ட காய்ந்த தடல் மணத்தில் கிடக்கும். பொத்திகளைச் சாக்குக்குள் போட்டுத் தடியால் அடிப்பார்கள். மிஞ்சினதைக் கையால் உதிர்ப்பார்கள். கனகாம்பிகையும் போய் இருந்து உதிர்ப்பாள். முதல்நாள் பெருவிரல் கொப்பளித்தது. அவளுடைய கையை இழுத்துப் பார்த்துவிட்டு, வெறும் பொத்தியின் நடுத்தண்டை எடுத்து, "இதாலை உரஞ்சு, கையாலை உரஞ்சாதை" என்று காட்டியவள்தான் முத்திந்தா.

இரண்டு பேரும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றார்கள். கனகாம்பிகைக்குப் பால் காணாமல் போன கிழமையில் மேனுஷாவுக்கும் முத்திந்தாதான் பால் கொடுத்தாள். அந்த ஊரில் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பினா மேனுஷா" என்பாள் முத்திந்தா, மேனுஷாவின் தாய் என்று. கனகாம்பிகை அவளைப் "பினா லவ்னெஸ்" என்பாள். அரிசி மா கிடையாத ஊரில் சோளன் மாவை வறுத்துக் குழைத்துக் கொத்திப் பிட்டு அவிக்கப் பழகியது அங்கேதான். கறிக்குக் கப்பென்டா. ஏரியில் பிடித்துக் காயவைத்த சின்ன மீன். நெத்தலிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பின்னேரங்களில் மாமரத்துக்குக் கீழே பாயைப் போட்டு, பிள்ளைகளை மண்ணில் விளையாட விட்டு, வாய் ஓயாமல் கதைத்திருந்த காலம். அவளுக்கு அப்போது முப்பது வயது ஆகவில்லை.

எண்பத்தெட்டில் விளைந்த மாதிரி ஒருகாலமும் விளையவில்லை என்றார்கள். குலசேகரத்தார் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். "வீட்டிலை வைச்சிருந்தால் எலி தின்னும், வண்டு குத்தும். டிப்போவுக்குக் கொண்டு வாங்கோ, பத்திரமாய் இருக்கும்" என்று சொன்னார். அவர் சொன்னதை நம்பிச் சனம் மாட்டு வண்டிலில் கொண்டுவந்து குவித்தது. மூட்டைகள் வீடுகளைவிட உயரமாக எழுந்தன. சுமக்கிற ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பலகைப் படியில் ஏறுவார்கள். அந்த மாதங்களில் அவர் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் அவள் கண்டதில்லை.

லொறிகள் கொஞ்சம் வந்தன. பிறகு டீசல் இல்லை என்றார்கள். பிறகு ரயர் இல்லை என்றார்கள். மூட்டைகளை மூடப் படங்கு அனுப்பச் சொல்லி அவர் தலைமைக் கந்தோருக்குத் தந்திக்கு மேல் தந்தி அடித்தார். வந்த படங்கு ஒரு மூலைக்குத்தான் காணும். வெயில் தகித்தது. மாமரம் பூத்துப் பிஞ்சு விட்டது. ஒருநாள் பின்னேரம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

அந்த மழையைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. வீட்டுத் தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில், பக்கத்தில் நின்று கத்திய புருசனின் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. அவர் கட்டில் விரிப்பையும் யன்னல் சீலையையும் இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார். எதை எதால் மூடுவது? சில நாளில் மூட்டைகளுக்குள் கை வைத்தால் சுட்டது. விடியக்காலையில் அடுக்குகளிலிருந்து ஆவி எழும்பியது. கள்ளுத் தவறணை மாதிரிப் புளித்த மணம். சாக்குக் கண்களுக்குள்ளால் பச்சை முளை எட்டிப் பார்த்தது.

சனம் கேற்றுக்கு வந்தது. "எங்கடை சோளனை எங்களிட்டைத் தாங்கோ. கொண்டுபோய்க் காயவைக்கிறம்" என்றது. மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஒரு மூட்டை வெளியே போகக்கூடாது என்று கட்டளை. அவர் கேற்றைப் பூட்டிக்கொண்டு உள்ளே நின்றார். முத்திந்தா முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் வந்து கேற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டு வாசலில் நின்ற கனகாம்பிகையை அவள் பார்ப்பாள். கனகாம்பிகை உள்ளே போய்விடுவாள். ஒரு கிழமைக்கு மேல் இப்படிப் போனது. பிறகு ஒரு காலை, யாரையும் கேட்காமல், குலசேகரத்தார் கேற்றைத் திறந்துவிட்டார்.

பாதிக்கு மேல் அதற்குள் அழுகிவிட்டது. அதிகாரிகள் வந்தார்கள், விசாரணை வைத்தார்கள், அவருடைய வேலை போனது. ஊருக்குப் போக ஏலாது, அங்கே சண்டை. ஒரு சாமான் லொறியின் முன்சீற்றில் ஏறி, ஒருவருக்கும் சொல்லாமல், பனி விலக முன்னம் அந்த ஊரை விட்டு வந்தார்கள். லண்டனில் அவர் ஒரு பெற்றோல் செற்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

மேனுஷா போன பிறகு கனகாம்பிகை முன்னறைக்கு வந்து அவருக்கு எதிரே இருந்தாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்பிடி?"

"வரவேண்டாம் எண்டு."

"வந்து என்ன செய்யப்போறா? என்னை ஏசிறதுக்கு இவ்வளவு தூரம் வரவேணுமே?"

"அவா என்ரை சிநேகிதி."

"உம்மடை சிநேகிதியின்ரை சோளனை அழுக வைச்சவன் நான்."

இத்தனை வருசத்தில் அவர் வாயிலிருந்து சோளன் என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். 

"நீங்களே மழையைப் பெய்ய வைச்சது? நீங்களே லொறியை மறிச்சது?"

"வீட்டிலை வைச்சிருந்த சனத்தைக் கொண்டு வாங்கோ, கொண்டு வாங்கோ எண்டு போய்ச் சொன்னவன் ஆர்? டிப்போவிலை பத்திரமாய் இருக்கும் எண்டு சொன்னவன் ஆர்? அவை தலைமைக் கந்தோரை நம்பிக் கொண்டுவரேல்லை, கனகம். என்னை நம்பிக் கொண்டுவந்தவை."

"சரி. உங்களுக்கு அந்த ஊர் அப்பிடி. எனக்கு அப்பிடி இல்லை. உங்களுக்கு நோகும் எண்டு இவ்வளவு காலமும் நான் அந்த ஊரின்ரை பேரை எடுக்கேல்லை. நான் சந்தோசமாய் இருந்த இடம் அது ஒண்டுதான்."

அவர் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"இஞ்சை சந்தோசம் இல்லையோ?"

"இஞ்சை சுகமாய் இருக்கிறன்."

அவர் அவளை ஏதோ புது ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"சனிக்கிழமை மத்தியானம் அவாவை வரச்சொல்லப் போறன்" என்றாள் கனகாம்பிகை. "விருப்பமெண்டால் இருங்கோ. இல்லையெண்டால் எங்கையும் போங்கோ."

"நான் லைப்ரறிக்குப் போறன்" என்றார் அவர்.

சனிக்கிழமை காலை கனகாம்பிகை மாவை வறுத்தாள். பழைய மணம் குசினியிலிருந்து எழும்பி மாடிப்படி ஏறியது. கைக்குப் பதம் மறந்துபோயிருக்கும் என்று பயந்தாள், மறக்கவில்லை. சுடுதண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அரிசி மாவுக்கு விடுகிறதைவிட ஒரு கை கூடவே விட்டு, தகரச் சுண்டின் விளிம்பால் கொத்தினாள். நெத்தலியைத் தக்காளிப்பழத்தோடு பிரட்டினாள். கீரைக்குக் கச்சான் கடலை இடித்துப் போட்டாள்; அது முத்திந்தாவின் ஊர்ப் பழக்கம். குலசேகரத்தார் லைப்ரறிக்குப் போகவில்லை. மழை பெய்கிறது, முழங்கால் நோகிறது என்று சொல்லிவிட்டு மேலே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகள் லவ்னெஸ் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போக, முத்திந்தா வாசலில் நின்றாள். மருமகனின் பெரிய ஜக்கெற், காலில் கம்பளிச் சொக்ஸ், அதற்கு மேல் செருப்பு. தலை பஞ்சாக வெளுத்திருந்தது. கதவைத் திறந்த கனகாம்பிகையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

"பினா மேனுஷா!"

கனகாம்பிகை இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவளை யாரும் அந்தப் பேரால் கூப்பிட்டதில்லை. இரண்டு பேரும் வாசலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழைச் சாரல் இருவருடைய முதுகிலும் அடித்தது.

இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பள்ளிக்கூடத்து ஆங்கிலமும், கனகாம்பிகைக்கு மிஞ்சியிருந்த கொஞ்சம் அந்த ஊர்த் தொங்கா மொழியும்தான். ஆனால் முத்திந்தா வாயைத் திறந்தால் அது கனகாம்பிகையின் காதில் தமிழாகவே விழும். அந்தக் காலத்திலும் அப்படித்தான்.

"இஞ்சை எல்லாரும் ஏன் இவ்வளவு பாதையளைத் தோண்டுகினம்? ஒண்டையும் நடவும் காணேல்லை" என்றாள் முத்திந்தா, ஜக்கெற்றைக் கழற்றிக்கொண்டே. கனகாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. மாமரங்கள் நிற்கின்றனவா என்று கேட்டாள். ஒன்று இடி விழுந்து பட்டுப்போனது, மற்றது நிற்கிறது. கொய்யா? அது இப்போது ஒரு காடு. தராசுக்காரன்? செத்துப்போனான். சுமைக்காரர்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கிறவன்? அவன் பாதிரியாகப் போய்விட்டான்! இருவரும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

பிட்டை வாயில் வைத்ததும் முத்திந்தா கண்ணை மூடினாள்.

"நல்ல என்சீமாக் களியை இப்பவும் உடைச்சு உடைச்சுத்தான் போடுறாய்."

"பிழையே?"

"கபோட்டு. நல்லாய் இருக்கு. ஆனால் மா பழசு. மூட்டையிலை கனநாள் கிடந்த மா." நாக்கால் ஒருதரம் துழாவினாள். "மிஸ்டர் குலா எங்கை?"

மேலே பலகை கிறீச்சிட்டது. முத்திந்தா முகட்டை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"மிஸ்டர் குலா! நான் கேற்றடியிலை நிக்கிறன்!"

மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. குலசேகரத்தார் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். வெள்ளைச் சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, தலையை இழுத்து வாரியிருந்தார். விசாரணைக்குப் போன அன்றைக்கும் அப்படித்தான் வெளிக்கிட்டவர். வந்து முத்திந்தாவுக்கு முன்னால் நின்றார். கதிரையில் இருக்கவில்லை.

"நான் உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினார்.

"முதல் நான் சொல்லுறன்" என்றாள் முத்திந்தா. "நான்தான் கனகாலம் நிண்டனான்."

அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அந்த மழைக்காலம் நாங்கள் கசந்த மா திண்டம். முளைச்சது, பூஞ்சணம் பிடிச்சது, எல்லாத்தையும் கழுவிக் காயவைச்சு இடிச்சம். வேறை ஒண்டும் இல்லை. எங்கடை மாமி நல்ல மணியாய்ப் பொறுக்கிப் பொறுக்கிப் பிள்ளையளுக்கு விட்டிட்டு, பழுதானதைத் தான் திண்டவா. பெப்ரவரியிலை செத்துப்போனா. ஈரலிலை வருத்தம் எண்டு சொன்னவை. உங்களுக்கு அது தெரியவேணும், மிஸ்டர் குலா. தெரியாமல் இருக்கக்கூடாது."

குலசேகரத்தார் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கிழவியைக் கனகாம்பிகைக்கு நல்லாய்த் தெரியும். புகையிலை சப்புகிற மனுசி. மேனுஷாவை மடியில் வைத்து ஆட்டினவள்.

"எங்களுக்கு உங்களிலை கோவம்" என்றாள் முத்திந்தா. "ஊர் முழுக்கக் கோவம்."

"இருக்கும்தானே" என்றார் அவர்.

"ஒரு நாலைஞ்சு வருசம் இருந்தது. பேந்து வேலை கூடிப்போச்சு, கோவிக்க நேரமில்லை." அவள் ஒரு நெத்தலியை எடுத்து வாயில் போட்டாள். "அடுத்த போகம் ஒருத்தரும் டிப்போவுக்கு முழுக்கக் கொண்டுபோகேல்லை. வந்த புது மனேஜர் கெஞ்சிப் பார்த்தான். நாங்கள் சிரிச்சம். வீட்டுக்கு வீடு சோளன் வைக்கப் பட்டடை கட்டினம், கால் நாட்டி, உயரத்திலை. முந்தி எங்கடை பாட்டன்மார் கட்டினதைவிடப் பெரிசாய். உங்களிலை இருந்த கோவத்திலைதான் கட்டினம். கம்பு வெட்டேக்கை மிஸ்டர் குலான்ரை கால் எண்டு சொல்லித்தான் வெட்டுறது."

குலசேகரத்தார் கதிரையை இழுத்து இருந்தார்.

"பேந்து தொண்ணூற்றிரண்டிலை மழை முழுக்கப் பொய்ச்சுப்போச்சு. மாடெல்லாம் செத்தது. அங்காலை ஊருகளிலை சனமும் செத்தது. எங்கடை பட்டடையளிலை பழைய சோளன் கிடந்தது. ஒரு நேரம்தான் திண்டம். ஆனால் சிமுண்டாவிலை ஒருத்தரும் பசியிலை சாகேல்லை."

அவர் மேசையைப் பார்த்தபடி, "கேற்றை முதல்நாளே திறந்திருக்கலாம்" என்றார். "ஒவ்வொரு நாளும் எழும்பேக்கை அதைத்தான் நினைக்கிறன்."

"திறந்திருக்கலாம்" என்றாள் முத்திந்தா. "நீங்கள் பூட்டிக்கொண்டு நிண்டதும் எனக்கு ஞாபகம், திறந்துவிட்டதும் ஞாபகம். இரண்டும் ஒரே ஆள்தானே. நான் என்ன செய்ய?"

கனகாம்பிகை எழும்பி, ஒரு கோப்பையில் பிட்டும் கீரையும் நெத்தலியும் போட்டு அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலால் குழைத்து ஒரு வாய் வைத்தார். மென்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. அடுத்த வாய் வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஓட்டுக் கூரையில் மழை பெய்வதே கேட்கவில்லை.

கோப்பை பாதியான பிறகு அவர் கேட்டார்.

"பட்டடைக் கால் எவ்வளவு உயரம் வைச்சனீங்கள்?"

"இடுப்பளவு."

"காணாதே. எலி பாயும்."

"தகரம் கவிழ்த்துக் கட்டினம்."

"கூம்பு மாதிரியோ, தட்டு மாதிரியோ?"

"கூம்பு."

"அப்ப சரி. வண்டுக்கு?"

"சாம்பல் கலந்து வைச்சம். முதல் சரியாய்த்தான் இருந்தது. பேந்து ஒரு புது வண்டு வந்ததே! மணியை மாவாக்கும். மணி முடிஞ்சால் பட்டடைத் தடியையும் தின்னும். நீங்கள் போனாப்பிறகு வந்தது."

"தடியையோ?" குலசேகரத்தார் நிமிர்ந்தார். "அதுக்கு என்ன செய்தனீங்கள்?"

முத்திந்தா சொல்லிக்கொண்டே போனாள். இப்போது காற்றுப் போகாத பிளாஸ்ரிக் பை வந்திருக்கிறது. நன்றாகக் காய்ந்த மணியைப் போட்டு இறுக்கிக் கட்டினால் வண்டு மூச்சடைத்துச் சாகும். ஆனால் எலி ஒரு ஓட்டை போட்டால் எல்லாம் வீண். போன வருசத்துக்கு முந்தினது மழையில்லாத வரட்சி. இந்த வருசம் அள்ளு கொள்ளையாக விளைந்திருக்கிறது. மகன் பாதியை விற்கக் கொண்டுபோய்விட்டான். அது இன்னும் ரோட்டோரத்தில் கிடக்கிறது, எடுக்க ஆளில்லை. போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். குலசேகரத்தார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தை முகத்தோடு பிடித்தார்.

"படங்கு காணாது. காத்து வாற பக்கம் திறந்து கிடக்கு. அங்கை மழை துவங்கப்போகுது. மகனிட்டைச் சொல்லுங்கோ."

"நான் சொல்லியே கேட்கேல்லை. மிச்சப் பாதியை வீட்டிலை வைக்கிறதுக்கே அவனோடை சண்டை பிடிச்சனான்."

"போன் நம்பரைத் தாங்கோ."

"அவன் எடுக்கமாட்டான். எடுத்தாலும் கேட்கமாட்டான்" என்றாள் முத்திந்தா. "நீங்கள் மட்டும் ஆர் சொல்லிக் கேட்டனீங்கள்?"

குலசேகரத்தாருக்குச் சிரிப்பு வந்தது. கனகாம்பிகை குசினி வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

பின்னேரம் லவ்னெஸ் பிள்ளையோடு கடைத்தெருவுக்கு வருவதாகவும், தாயை அங்கே பஸ்ஸில் வந்து இறங்கச் சொல்லியும் செய்தி அனுப்பியிருந்தாள். "நான் கொண்டுபோய் ஏத்திவிடுறன்" என்று குலசேகரத்தார் எழும்பினார். முழங்கால் நோவைப் பற்றி ஒரு கதையும் இல்லை. கனகாம்பிகை முத்திந்தாவின் ஜக்கெற்றைக் கழுத்துவரை பூட்டிவிட்டாள். புதன்கிழமை தானே அங்கே வருவதாகவும், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதாகவும் சொன்னாள். இந்த முறை வாசலில் நின்று, கை தெரியாமல் போகும்வரை, வடிவாகப் பயணம் சொல்லி அனுப்பினாள்.

கோப்பைகளைக் கழுவினாள். பிட்டு அவித்த நீத்துப்பெட்டியைக் காயவைத்தாள். மனுசரைக் காணவில்லை. போன் அடித்தது. லவ்னெஸ்தான், அம்மா இன்னும் வந்து சேரவில்லை என்றாள். கனகாம்பிகை போனை வைக்காமலே பதறிப்போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு இறங்கினாள். மழை மெல்லிசாகத் தூறிக்கொண்டிருந்தது. ரோட்டு விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கின.

மூலை திரும்பினதும் கண்டாள். பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. குலசேகரத்தார் அதில் விரலால் பட்டடை கீறிக்கொண்டிருந்தார். நாலு கால், அதன் மேல் ஒரு பெட்டி, பெட்டிக்கு மேல் கூரை. முத்திந்தா தலையை ஆட்டினாள். ஜக்கெற் கையால் பெட்டியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வட்டமாக ஒன்று கீறினாள். அவர் விடவில்லை. கூரையைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மறுத்தாள்.

பஸ் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டு பஸ் போய்விட்டது.

கனகாம்பிகையின் கையிலிருந்த போனில் லவ்னெஸ் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். "வருகிறார்களா, அன்ரி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம் பிள்ளை, வருவினம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அவள் மதிலோரம் ஒதுங்கி நின்றாள்.